சும்மா கொடுப்பதையும் திருடுகிறார்கள்!

காசுக்கு விற்கிற பொருளைத் திருடுவார்கள். கேட்டால் சும்மா கொடுக்கிற பொருளை யாராவது திருடுவார்களா?

திருடுகிறார்கள்! திருடியதை வைத்துக் காசும் பார்க்கிறார்கள். இந்த விசித்திரம் நடப்பது கம்ப்யூட்டர் விளையாட்டு உலகத்தில்.

"மைன்கிராப்ட்" என்று ஒரு விளையாட்டு. உங்கள் வீட்டுப் பையனைக் கேட்டால் சொல்வான். திரையில் தெரிவதெல்லாம் கட்டை கட்டையாக இருக்கும். மண்ணைத் தோண்டலாம், மரத்தை வெட்டலாம், மாளிகை கட்டலாம். சுவீடன் நாட்டைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் 2009-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார். 2014-இல் இந்த விளையாட்டையும் அதன் கம்பெனியையும் மைக்ரோசாப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-இல் விற்பனை 30 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது.

மோட் என்றால் என்ன?

விளையாடுகிறவர்களில் சில கெட்டிக்காரர்கள் உண்டு. "இந்த உலகத்தில் நீராவி யந்திரம் ஓடினால் என்ன? சந்திரனுக்கு ராக்கெட் விட்டால் என்ன?" என்று யோசிப்பார்கள். யோசிப்பதோடு நிற்க மாட்டார்கள். கம்ப்யூட்டருக்குப் புரியும் பாஷையில் தாங்களே எழுதி, விளையாட்டோடு சேர்த்துவிடுவார்கள். தைத்து வாங்கிய சட்டையில் வீட்டில் பூ வேலை செய்கிறோம் அல்லவா, அது மாதிரி. இந்தச் சேர்ப்புக்குத்தான் "மோட்" என்று பெயர்.

மோட் எழுதுகிறவர்களில் மாணவர்கள் இருக்கிறார்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டு, இரவில் உட்கார்ந்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எழுதிய மோட் எழுதியவருக்கே சொந்தம். ஆனால் அதை விலைக்கு விற்கக் கூடாது. இது மைன்கிராப்டின் நிபந்தனை. ஆகவே இலவசமாகக் கொடுக்கிறார்கள். "கர்ஸ்போர்ஜ்", "மோட்ரிந்த்" என்ற இணையத்தளங்களில் வைத்தால், அங்கே வரும் விளம்பரப் பணத்தில் எழுதியவருக்கு ஒரு பங்கு கிடைக்கும்.

புகுந்தான் திருடன்

இங்கேதான் வேறு பேர்வழிகள் புகுந்தார்கள். எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மோட், படம், விளக்கம் எல்லாவற்றையும் அப்படியே அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் தளத்தில் வைக்கிறார்கள். பக்கம் முழுவதும் விளம்பரம். "இங்கே அழுத்தவும்" என்று பெரிய பட்டன் நாலு இருக்கும். அதில் மூன்று விளம்பரத்துக்குப் போகும்! விளம்பரப் பணம் முழுவதும் தளக்காரருக்கு. எழுதியவருக்குச் சல்லிக்காசு கிடையாது.

பணம் போனால் போகட்டும் என்று எழுதியவர் விட்டுவிடலாம். பலர் விட்டும்விடுகிறார்கள். ஆனால் தொல்லை அதோடு தீரவில்லை.

மைன்கிராப்ட் அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. பழைய மோட் புதிய பதிப்பில் ஓடாது. திருட்டுத் தளக்காரருக்கு அதைப் பற்றி என்ன கவலை? "புதிய பதிப்புக்கும் உண்டு" என்று கூசாமல் போட்டுவிடுவார். பையன் ஆசையோடு இறக்கிப் பார்ப்பான். விளையாட்டு பொத்தென்று நின்றுவிடும். அவன் யாரைத் திட்டுவான்? எழுதியவரைத்தான்!

தேனீ வெடித்தது!

கோபம் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கதை உண்டு. நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. "ஃபாரெஸ்ட்ரி" என்ற மோட் விளையாட்டில் தேனீ வளர்க்க வழி செய்தது. அனுமதி பற்றிய சண்டையில், அதை எழுதியவர் ஒரு வேலை செய்தார். "டெக்னிக்" என்ற மோட் தொகுப்பின் வழியாக விளையாடுகிறவர்களிடம் தேனீக்கள் வெடிக்கும்படி உள்ளே எழுதி வைத்துவிட்டார்!

ஆத்திரம் நியாயம்தான். ஆனால் அடி யார் மேல் விழுந்தது? தொகுப்பை நடத்தியவர் மேல் அல்ல. ஒன்றும் அறியாமல் தேனீ வளர்த்த பிள்ளைகள் மேல். இது எனக்குச் சரியாகப் படவில்லை. விளையாடுகிறவர்கள் நடுவிலும் பெரிய கூச்சல் கிளம்பியது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 1998-இல் ஒரு சட்டம் வந்தது. தன் பொருளை அனுமதியின்றிப் போட்டிருக்கிறார்கள் என்று உரியவர் நோட்டீஸ் அனுப்பலாம். எந்தப் பொருள், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெளிவாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் தளத்துக்கு இடம் கொடுத்த கம்பெனிக்கும் எழுதலாம். கூகிளுக்கு எழுதித் தேடலில் வராமல் செய்யலாம்.

நல்ல சட்டம்தான். ஆனால் எழுதுகிறவர் ஒருவர், தளங்களோ ஏராளம். ஒரு தளத்தில் எடுத்தால் இன்னொன்றில் முளைக்கும். சில தளங்கள் பதிலே போடுவதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். "யாரும் பிரதி எடுக்கலாம்" என்று சிலர் தாங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் மோட்டை வேறு தளத்தில் வைத்தால் திருட்டு ஆகாது. ஆனால் எழுதியவர் பெயரை அழிக்கக் கூடாது.

64 எழுத்து முத்திரை

பத்திரத்துக்கு அரக்கு முத்திரை வைப்பது போல, மோட்டுக்கும் முத்திரை உண்டு. மோட் முழுவதையும் ஒரு கணக்கில் போட்டு அரைத்தால் 64 எழுத்து கிடைக்கும். மோட்டில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் இந்த முத்திரையே தலைகீழாக மாறிவிடும். எழுதியவர் தன் பக்கத்தில் இந்த முத்திரையைப் போட்டு வைப்பார். இறக்கியவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாறியிருந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள்!

கை வைத்தால் என்ன ஆகும்? 2023 ஜூன் மாதம் அது தெரிந்தது. மோட் எழுதுகிறவர்கள் சிலரின் கணக்குகளுக்குள் யாரோ புகுந்தார்கள். அவர்களுடைய மோட்களில் ஒரு விஷ நிரலைச் சொருகினார்கள். "ஃப்ராக்சுரைசர்" என்று அதற்குப் பெயர். அது கம்ப்யூட்டரில் இருந்த மற்ற மோட்களுக்கும் தொற்றியது. சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைத் திருடியது. ஒரே வீட்டில் அப்பாவும் பிள்ளையும் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினால், போவது பிள்ளையின் விளையாட்டுக் கணக்கு மட்டும் அல்ல!

இது நடந்தது திருட்டுத் தளத்தில் அல்ல, கர்ஸ்போர்ஜிலேயே. ஆனால் அங்கே கேட்பாரும் பார்ப்பாரும் இருந்தார்கள். மோட் எழுதுகிறவர்கள் தாங்களாகவே திரண்டு, நிரலைப் பிரித்துப் பார்த்து, கண்டுபிடிக்கும் வழியை எல்லோருக்கும் சொன்னார்கள். கெட்ட மோட்கள் அகற்றப்பட்டன. விளம்பரத்துக்காக நடத்தும் தளத்தில் இப்படி நடந்தால் யார் பார்ப்பது?

மோட் எழுதுகிறவர்கள் இப்போது திருட்டுத் தளங்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிரவுசரில் சேர்க்க ஒரு சிறு கருவியும் இலவசம். பையன் அந்தத் தளத்துக்குப் போனால், "இங்கே இறக்காதே" என்று திரையில் எச்சரிக்கும்.

பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதற்குள் அந்தத் தளம் பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த தெருவில் கடை போட்டுவிடுகிறது. மறுபடியும் சேர்க்கிறார்கள்.