சீம்பாலும் சீரமும்

பெண்குதிரை பெரும்பாலும் இரவில்தான் குட்டி போடும். பதினொரு மாதம் சுமந்ததை, ஆள் நடமாட்டம் அடங்கி லாயம் ஓய்ந்த பிறகே இறக்கி வைக்கும். அதனால் பந்தயக் குதிரைப் பண்ணைகளில் ஈனும் பருவம் முழுக்க ஒருவர் கண்விழித்துக் காத்திருப்பார். குட்டி விழுந்ததும் அவர் பார்வை கடிகாரத்துக்குப் போகும். ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் மடியைத் தேடிப் பிடித்துக் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழுந்துவிட வேண்டும். இந்த மூன்றில் குட்டியின் உயிர் தொங்குவது இரண்டாவதில்.

மனிதக் குழந்தை கருப்பையில் இருக்கும்போதே, கடைசி மாதங்களில், தாயின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்பொருள்களை வாங்கிக்கொள்கிறது. குதிரைக் குட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குதிரையின் நஞ்சுக்கொடியில் தாய்க்கும் சேய்க்கும் நடுவே அடுக்குகள் அதிகம். எதிர்ப்பொருள் என்ற பெரிய புரதம் அவற்றைத் தாண்டிப் போக முடியாது. வைக்கோலும் சாணமும் ஆயிரம் கிருமிகளும் நிறைந்த லாயத்துக்குள் குட்டி வெறுங்கையோடு வந்து விழுகிறது. தாய் அதற்கென்று சேர்த்து வைத்ததெல்லாம் மடியில் இருக்கிறது, சீம்பாலாக.

அதைக் குடிப்பதற்கும் கெடு உண்டு. பிறந்த முதல் நாள் மட்டும் குட்டியின் குடல் எதிர்ப்பொருள்களைச் செரிக்காமல் அப்படியே உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கும். சுமார் 24 மணி நேரத்தில் அந்த வாசல் அடைபட்டுவிடும். பிறகு எவ்வளவு குடித்தாலும் அது உணவுதான், காப்பு ஆகாது. அதனால் அடுத்த நாளே குட்டியின் ரத்தத்தைச் சோதிப்பார்கள். ஒரு டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராம் எதிர்ப்பொருள் இருந்தால் நிம்மதி. குறைந்தால் வேறொரு குதிரையின் பிளாஸ்மாவை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். தாயிடம் சீம்பால் போதாவிட்டால் அந்த வாசல் அடைபடும் முன்னே கொடுப்பதற்கென்று பெரிய பண்ணைகளில் சீம்பாலை உறைய வைத்திருப்பார்கள். பசுவின் கன்றுக்கும் இதே நிலைமைதான். கன்று வயிறு நிறையக் குடித்த பிறகே மிச்சத்தைக் கறந்து காய்ச்ச வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதில் எவ்வளவு பெரிய உடலியல் இருந்திருக்கிறது!

இந்த லாயத்து இரவை மனத்தில் வைத்துக்கொண்டு புனேவுக்கு வாருங்கள். 1946-இல் சோலி பூனாவாலா என்ற பார்சிக்காரர் அங்கே பந்தயக் குதிரைப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். இந்தத் தொழிலில் விலைபோவது ரத்தம். ரத்தம் என்றால் இங்கே வம்சம். தோரோபிரெட் எனப்படும் பந்தயக் குதிரை இனத்தின் வம்சாவளிப் பதிவேடு இங்கிலாந்தில் 1791-இல் வெளிவந்தது. அப்பனும் ஆத்தாளும் பதிவேட்டில் இல்லாத குட்டிக்கு அதில் இடமில்லை. செயற்கைக் கருவூட்டலுக்கும் அனுமதி கிடையாது. பெண்குதிரையைப் பொலிகுதிரையிடம் நேரே கொண்டுபோய்ச் சேர்த்துத்தான் ஆக வேண்டும், இன்றைக்கும்.

இப்படிக் கதவடைத்து வளர்த்ததன் விளைவு வியப்பானது. 1704-இல் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து இங்கிலாந்துக்குப் போன டார்லி அரேபியன் என்ற ஒரே ஆண்குதிரையிடம் போய் முடிகிறது இன்றுள்ள தோரோபிரெட் ஆண்குதிரைகளில் 95 விழுக்காட்டின் தந்தைவழி. 2001-இல் மரபணு ஆய்வு சொன்ன கணக்கு இது. 2010-இல் டப்ளினில் எம்மலின் ஹில் குழுவினர் இன்னொன்றைக் கண்டார்கள். தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மையோஸ்டாட்டின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினால், குதிரை குறுகிய தூரத்தில் பாய்வதா நெடுந்தூரம் தாங்குவதா என்பது பெருமளவு மாறிவிடுகிறது.

இவ்வளவு நுணுக்கமாக ரத்தத்தை எண்ணி வைத்திருக்கும் பதிவேட்டில் ஒரு கேள்விக்கு விடை இருக்காது. பந்தயக் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்கும். ஏழெட்டு வயதுக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆயுளோ இருபத்தைந்து ஆண்டுக்கு மேல். மீதிக் காலத்துக்கு அதற்கு என்ன வழி?

பூனாவாலா பண்ணையில் ஓட்டம் முடிந்த குதிரைகளைப் பம்பாயில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்துக்குக் கொடுத்துவந்தார்கள். அது அரசு நிறுவனம். குதிரை ரத்தத்திலிருந்து அங்கே மருந்து எடுத்தார்கள். சோலியின் மகன் சைரஸ், ஒரு கால்நடை மருத்துவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, குதிரை நம்மிடம் இருக்கிறது, மருந்தையும் நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் வந்ததாகச் சொல்வார்கள். 1966-இல் புனேயின் ஹடப்சரில் சீரம் இன்ஸ்டிடியூட் பிறந்தது. முதலில் செய்த மருந்து, குதிரையிலிருந்து எடுத்த டெட்டனஸ் எதிர்நஞ்சு.

சீரம் என்பது ரத்தம் உறைந்த பின் மேலே தெளியும் வெளிர்மஞ்சள் நீர். அதில் மருந்து இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் எமில் வான் பெரிங்கும் கிடசாடோ ஷிபாசபுரோவும். 1890-இல் பெர்லினில், டெட்டனஸ் நஞ்சைத் தாங்கப் பழகிய முயலின் சீரத்தை எலிக்குப் போட்டார்கள். அந்த எலியும் நஞ்சைத் தாங்கியது. முயலின் காப்பு எலிக்குக் கைமாறியது. பெரிங்குக்கு 1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசே கிடைத்தது. முயலிடமிருந்து எவ்வளவு ரத்தம் எடுத்துவிட முடியும்? குதிரை பெரிய உடம்பு, பழகும் குணம். அரை டன் எடையுள்ள குதிரையில் நாற்பது லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடும். பாரிஸில் எமில் ரூ 1894-இல் குதிரைச் சீரத்தைத் தொண்டை அடைப்பான் நோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, ஏறத்தாழ பாதிப் பேரைக் கொண்டுபோன நோயில் இறப்பு கால்பங்காகக் குறைந்தது.

விபத்தும் நடந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், பால் வண்டி இழுத்து ஓய்ந்த ஜிம் என்ற குதிரை சீரம் கொடுத்துவந்தது. 1901-இல் அதற்கே டெட்டனஸ் வந்துவிட்டது. அந்தச் சீரத்தைப் போட்டுக்கொண்ட 13 குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே இப்படிப்பட்ட மருந்துகளைக் கட்டுப்படுத்த அங்கே சட்டம் வந்தது. இன்று ஒவ்வொரு குப்பியும் சோதனை முடிந்த பிறகே வெளியே வருவதற்குப் பின்னால் அந்தக் குழந்தைகளின் உயிர் இருக்கிறது.

தடுப்பூசியும் சீரமும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். தடுப்பூசி நம் உடம்புக்குச் சமைக்கக் கற்றுக்கொடுக்கிறது. கற்றுக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். சீரம் சமைத்த சோற்றைக் கையில் கொடுக்கிறது. சில வாரங்களில் தீர்ந்துபோகும், ஆனால் அந்த நேரத்துப் பசியை ஆற்றும். முதல் இரவில் தாய்க்குதிரை குட்டிக்குச் செய்வதும் இதைத்தான். வேறொரு உடம்பு உழைத்துச் செய்த காப்பை இன்னொரு உடம்பு வாங்கிக்கொள்கிறது. குதிரைப் பண்ணைக்காரர் குடும்பத்திலிருந்து சீரக் கம்பெனி ஒன்று கிளம்பியது எனக்கு அதனால்தான் வெறும் வியாபாரத் தற்செயலாகத் தோன்றவில்லை. அந்த நிறுவனம் பின்னர் குழந்தைகளுக்கான தடுப்பூசிகளில் இறங்கி, உலகிலேயே அதிக எண்ணிக்கையில் தடுப்பூசி செய்யும் நிறுவனமாக வளர்ந்ததும், 2021-இல் கோவிஷீல்டு நம் தோளில் ஏறியதும் எல்லாருக்கும் தெரிந்த கதை.

கற்றுக்கொள்ள நேரமில்லாத ஆபத்து என்றால் பாம்புக்கடிதான். இங்கே கதை நம் ஊருக்கு வருகிறது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, பானையில் வைத்துப் பராமரித்து, நஞ்செடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு இவர்கள் எடுத்துக் கொடுப்பது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. காலம் தாழ்ந்து வந்தாலும் சரியான இடத்துக்கு வந்த விருது.

உலர்த்திய நஞ்சு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அங்கே குதிரைக்கு முதலில் கடுகளவு, பிறகு மெல்ல மெல்லக் கூட்டி, வாரக்கணக்கில் ஊசி போடுகிறார்கள். குதிரையின் உடம்பு நான்கு நஞ்சுக்கும் எதிர்ப்பொருள் செய்யக் கற்றுக்கொள்கிறது. கழுத்து நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்துக்கொண்டு, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பி ஏற்றும் முறையும் உண்டு. எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பெப்சின் என்ற நொதியால் வெட்டி நீக்குகிறார்கள். எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது குதிரைப் புரதம்தான். சிலருக்குத் தடிப்பு, காய்ச்சல், மூட்டுவலி வரும். அதனால்தான் இதை மருத்துவமனையில் வைத்தே ஏற்றுகிறார்கள். வெறிநாய் கடித்தால் காயத்தைச் சுற்றிப் போடும் சீரமும் பல இடங்களில் குதிரை கொடுத்ததே. அதற்கு மாற்றாக, குதிரையே தேவைப்படாமல் ஆய்வகத்தில் செல்களை வளர்த்து எடுக்கும் எதிர்ப்பொருள் மருந்தை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதே புனே நிறுவனம். பாம்புக்கடிக்கும் அப்படியொன்று வரும்வரை அந்தக் குதிரைகளுக்கு நல்ல தீனியும் போதிய ஓய்வும் கொடுப்பது நம் கடமை. கொடுத்தவரை வாட்டிக் கடன் வாங்கக் கூடாது.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் சாகிறார்கள் என்கிறது 2020-இல் வந்த ஆய்வு. மருந்து இருந்தும், வேப்பிலைக்கும் மந்திரத்துக்கும் போய் நேரத்தைத் தொலைத்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். யாரையாவது பாம்பு கடித்தால் கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். பாம்பைத் தேடிப்போய் அடிக்க வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, பாம்புக்கடி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோய்ச் சேருங்கள்.