வார்ப்பின் உள்ளே

மண்குடம் வாங்குவோர் அதனைத் தட்டிப் பார்த்து வாங்குவர். குடத்தில் கீறல் இருப்பின் ஓசையே காட்டிவிடும். அச்சிலிருந்து எடுத்த உலோக வார்ப்பை அவ்வளவு எளிதில் அறிந்துவிட இயலுமா? மேனி பளபளப்பாகவே இருக்கும். உள்ளேயோ நுண்துளைகளும் எளிதில் உடையும் படிகங்களும் மறைந்து கிடக்கலாம். புதியதொரு முறையில் வார்க்கும்போது இந்த ஐயம் இன்னும் மிகுகிறது.

நுண்ணலைகளால் உருக்கி வார்த்தல் அத்தகைய புதுமுறைகளுள் ஒன்று. வினாடிக்கு 245 கோடி முறை அதிரும் அலைகளே இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. வீட்டு நுண்ணலை அடுப்பில் உணவைச் சுட வைப்பவையும் இவையே. ஆனால், மாணவ நண்பர்களே, கட்டியான உலோகம் இவ்வலைகளைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பிவிடும். செம்பில் அவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆழமே புகும். அப்படியாயின் உலோகம் உருகுவது எங்ஙனம்? சிலிக்கன் கார்பைடு போன்ற பொருளாலான மூசை அலைகளை ஏற்றுச் சூடேறி, அச்சூட்டைத் தன்னுள் இருக்கும் உலோகத்திற்கு அளிக்கிறது. உருகிய உலோகம் அச்சினுள் இறங்கி உறைகிறது.

இனித்தான் சோதனை. வார்ப்பில் ஒரு துண்டை அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, பளிங்குபோல் மெருகேற்றுவர். பின்னர் அதன்மீது நீர்த்த அமிலத்தைத் தடவுவர். அமிலம் படிகங்களின் எல்லைகளை மிகுதியாக அரிப்பதால், நுண்ணோக்கியில் அவ்வெல்லைகள் கோடுகளாகத் தோன்றும். இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்து ஹென்றி கிளிப்டன் சார்பி என்பார், 1863 ஆம் ஆண்டில் எஃகை இவ்வாறு ஆராய்ந்து இத்துறைக்கு வித்திட்டார்.

அமைப்பை அறிந்தால் மட்டும் போதுமா? இரசாயனத்தையும் அறிதல் வேண்டும். மூசையிலிருந்து வேற்றுப் பொருள் உலோகத்தில் கலந்திருக்கக்கூடும் அல்லவா? எலெக்ட்ரான் கற்றை தாக்கும் இடத்தில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியிடும். 1913 ஆம் ஆண்டில் மோஸ்லி கண்ட ஒழுங்கு இதற்கு அடிப்படை. அக்கதிரைக் கொண்டு எத்தனிமம் எவ்விடத்தில் உள்ளது என்று கூறிவிடலாம்.

இவ்விரண்டில் ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். அலுமினியத்தில் ஏறத்தாழ 12 சதவீதம் சிலிக்கன் சேர்ந்த கலவையை எடுத்துக்கொள்வோம். அது மெதுவாக உறைந்தால், சிலிக்கன் கூரிய தகடுகளாகப் படியும். வார்ப்பு எளிதில் உடையும். உருகிய கலவையில் சோடியம் புளோரைடு போன்ற உப்பைச் சேர்க்கும் முறைக்கு, 1921 ஆம் ஆண்டில் அலடார் பாட்ஸ் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அம்முறையில் சிலிக்கன் மெல்லிய இழைகளாகிறது. வார்ப்பு வலிமை பெறுகிறது. சிலிக்கனின் அளவோ மாறுவதில்லை! மாற்றத்தை விளைவிப்பது பதினாயிரத்தில் ஓரிரு பங்கே தங்கும் சோடியம். நுண்ணோக்கி அமைப்பைக் காட்டும். அதன் காரணத்தை இரசாயனமே கூறும்.

புதிய உலை விரைந்து உருக்கலாம். எரிபொருளை மிச்சப்படுத்தவும் செய்யலாம். ஆயினும் அதில் வார்த்த உறுப்பை ஓர் இயந்திரத்தில் பூட்டி, அதனை நம்பி மனிதர் ஏறிச் செல்லுமுன், இவ்விரு சோதனைகளும் முடிந்திருக்க வேண்டும்.