பந்தய வண்டியின் உடம்பு, சுமை வண்டியின் விலை

அமெரிக்காவில் செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போகிறவரை முதலில் திகைக்க வைப்பது ஃபோர்டு ராப்டரின் விலைதான். ஐந்தாறு வருடம் ஓடிய சொகுசுக் கார் வாங்கிய விலையில் பாதிக்கும் கீழே இறங்கிக் கிடக்கும். அதே வயதுள்ள ராப்டரோ, பாலைவனச் சரளை அடித்து அடிப்பக்கம் கீறிப்போயிருந்தாலும், விலையை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது. சுமைத்தட்டு உள்ள பிக்கப்பில் பந்தய வண்டிக்குரிய எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் பொருத்தி விற்கும் இந்த வகைக்கு, ரீசேல் வேல்யூ என்ற ஒரு சொல்லே பாதி விற்பனையை முடித்துவிடுகிறது. 'எப்போது விற்றாலும் போட்ட பணம் வந்துவிடும்' என்ற நம்பிக்கையில் கடன் வாங்கி எடுப்பவர்கள் பலர். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் கணக்குப் பார்த்தே தீர வேண்டும்.

விலை நிற்பதற்குக் காரணங்கள் உண்டு. பிக்கப் ஒரு வேலை வண்டி. எவ்வளவு பழையதானாலும் மரம் ஏற்றவும் படகு இழுக்கவும் யாருக்காவது தேவைப்படும். போட்டியும் குறைவு. 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை ஏற்றின. பதிலுக்கு லிண்டன் ஜான்சன் அரசு, இறக்குமதியாகும் லைட் டிரக்குகள்மீது 25 சதவீத வரி போட்டது. 1964இல் நடைமுறைக்கு வந்த அந்தக் 'கோழி வரி', கோழிச் சண்டை முடிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் நீடித்தது. வெளிநாட்டில் செய்த பிக்கப்கள் மலிவாக உள்ளே வர முடியாததால், உள்ளே விற்பவர்களின் விலை தளரவில்லை. இவற்றோடு ஆசையும் சேர்கிறது. பெரிய எஞ்சின் வைத்த வண்டிகள் சில வருடங்கள் வந்து பிறகு நின்றுவிடும். நின்றவுடன் அவற்றைத் தேடுவோர் கூடுவார்கள்.

1991இல் வந்த ஜிஎம்சி சைக்ளோன் இதற்குப் பழைய சாட்சி. 4.3 லிட்டர் வி6 எஞ்சினில் டர்போ பொருத்தி 280 குதிரைத்திறன் எடுத்தார்கள். அமெரிக்க மோட்டார் பத்திரிகை ஒன்று அதை ஃபெராரி 348 உடன் ஓடவிட்டது. கால் மைல் ஓட்டத்தில் பிக்கப் முந்தியது. செய்தது 3,000க்கும் குறைவு. ஏற்றலாம் என்று நிறுவனம் சொன்ன சுமை 500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 227 கிலோ. சுமை தூக்காத அந்தச் சுமை வண்டியை இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். 2004இல் வந்த டாட்ஜ் ராம் எஸ்ஆர்டி-10 வண்டியில், வைப்பர் காரின் 8.3 லிட்டர் வி10 எஞ்சினையே வைத்தார்கள். 500 குதிரைத்திறன். அந்த ஆண்டே மணிக்கு 154.587 மைல் ஓடி, உற்பத்திப் பிக்கப்களில் கின்னஸ் சாதனை படைத்தது.

ஆனால் இந்த வண்டிகள் எல்லாமே இடையில் ஒரு பள்ளத்தில் இறங்கித்தான் ஏறின. புதிதாக இருக்கும்போது ஒரு விலை. வெறும் பழைய டிரக்காகப் பார்க்கப்பட்ட காலத்தில் அதைவிட மிகக் குறைந்த விலை. அரிய பொருள் என்று பெயர் வாங்கியபின் மீண்டும் ஏற்றம். அந்த ஏற்றமும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. குறைந்த மைல் ஓடி, எதையும் மாற்றாமல் வைத்திருந்தவர்களுக்கே கிடைத்தது. நடுவில் வைத்திருந்தவர்களுக்கு வந்தது பாகம் தேடும் வேலைதான். அந்த ஒரு மாடலுக்கென்றே செய்த பாகங்களை நிறுவனம் நிறுத்திய பிறகு, பழைய வண்டியை உடைத்து விற்கும் யார்டுகளில்தான் தேட வேண்டும். சாதாரண மாடலோடு எவ்வளவு பாகம் பொதுவோ, அவ்வளவு ஆயுள். நெடுநாள் வைத்திருக்க நினைப்பவர் குதிரைத்திறனுக்கு முன்னால் இதைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

ராப்டருக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். முதல் தலைமுறை 2010 முதல் 2014 வரை. தொடக்கத்தில் 5.4 லிட்டர் வி8, 310 குதிரைத்திறன். பிறகு 6.2 லிட்டர், 411. தேடி வருபவர்கள் கேட்பது இரண்டாவதைத்தான். டர்போ கிடையாது. இதே எஞ்சின் குடும்பம் ஃபோர்டின் சூப்பர் டூட்டி வேலை வண்டிகளிலும் ஆண்டுக்கணக்கில் ஓடியதால், பாகமும் கிடைக்கும், கைபழகிய மெக்கானிக்கும் கிடைப்பார். இரண்டாம் தலைமுறை 2017 முதல் 2020 வரை. 3.5 லிட்டர் வி6, இரண்டு டர்போ, 450 குதிரைத்திறன், பத்து கியர் ஆட்டோமேட்டிக். வேகத்தில் பழையதை விஞ்சும். உடல் அலுமினியம் என்பதால் கதவிலும் சுமைத்தட்டிலும் செந்துரு பிடிக்காது. சேசிஸ் மட்டும் இரும்புதான்.

இந்த வி6இல் கவனிக்க வேண்டிய பாகம் கேம் ஃபேசர். வால்வு திறக்கும் நேரத்தை எண்ணெய் அழுத்தத்தால் முன்பின் நகர்த்தும் கருவி அது. இரவு முழுவதும் நின்ற வண்டியில் எண்ணெய் வடிந்துவிடும். தேய்ந்த ஃபேசர், காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் கடகடவென்று சத்தம் போடும். எண்ணெய் ஏறியதும் அடங்கிவிடும். அந்தச் சில விநாடிகளை வாங்குபவர் கேட்காமல் போனால், எஞ்சின் முன்பக்கத்தைப் பிரித்து மாற்றும் செலவு, ஆயிரக்கணக்கான டாலர், அவர் தலையில் விழும். ஆகவே, வண்டி பார்க்கப் போகும்போது எஞ்சினை முன்கூட்டியே ஓடவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வரலாம்.

புதிய ஃபோர்டுக்கும் ராமுக்கும் பொதுவான வாரண்டி 3 ஆண்டு அல்லது 36,000 மைல். எஞ்சின், கியர்பாக்ஸ் போன்றவற்றுக்கு ஃபோர்டில் 5 ஆண்டு அல்லது 60,000 மைல்; ராமிலும் 2025 மாடல் வரை அவ்வளவுதான். விலை சற்றே இறங்கி, 'இப்போது வாங்கினால் லாபம்' என்று தோன்றும் காலமும் வாரண்டி தீரும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. முதல் ஓனர் தாவிக் குதித்து ஓட்டிய மகிழ்ச்சியை அனுபவித்தார், பழுதை நிறுவனம் பார்த்துக்கொண்டது. இரண்டாவது ஓனர் வாங்குவது அந்தக் குதிப்புகளின் தேய்மானத்தை. விலை இறங்காத வண்டி என்றால், தேய்ந்த வண்டிக்கும் நல்ல விலை கொடுக்கிறோம் என்ற பொருளும் அதில் உண்டு. இதை விற்பவர்கள் சொல்வதே இல்லை.

தேய்மானம் எங்கே என்றால், முதலில் ஷாக் அப்சார்பர். ராப்டரில் இருப்பது ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஷாக். பள்ளத்தில் இறங்க இறங்க எண்ணெய் போகும் வழி குறைந்து, எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும் அமைப்பு. சாதாரண ஷாக்கைப் போல ஓடும்வரை ஓடட்டும் என்று விட முடியாது. அவ்வப்போது பிரித்து எண்ணெயும் சீலும் மாற்றி, நைட்ரஜன் நிரப்ப வேண்டும். 2019இலிருந்து மின்னணுக் கட்டுப்பாடும் சேர்ந்ததால் செலவு இன்னும் கூடியது. டயர் 35 அங்குலம். நான்கும் மாற்ற ஆயிரம் டாலரைத் தாண்டும். அகலம் இன்னொரு தலைவலி. முதல் தலைமுறையில் 86 அங்குலத்துக்கு மேல், ஏறக்குறைய 2.2 மீட்டர். 80 அங்குலத்தைத் தாண்டிய வண்டிக்கு அமெரிக்கச் சட்டப்படி முன்னால் வைக்க வேண்டிய மூன்று மஞ்சள் விளக்குகளைத்தான், இன்று ஒல்லியான பிக்கப் வைத்திருப்பவர்களும் அழகுக்காக வாங்கி மாட்டுகிறார்கள். வீட்டு கராஜுக்குள் நுழையுமா என்று அளந்து பார்க்காமல் வாங்கினால், வெயிலிலும் பனியிலும்தான் நிற்கும்.

2021இல் ராம் கொண்டுவந்த டிஆர்எக்ஸ் இன்னும் பெரிய ஆசை. சூப்பர்சார்ஜர் வைத்த 6.2 லிட்டர் வி8, 702 குதிரைத்திறன். சிப் தட்டுப்பாட்டில் வண்டியே கிடைக்காத நேரத்தில் வந்ததால், ஒட்டிய விலைக்கு மேல் பல ஆயிரம் டாலர் கொடுத்து எடுத்தார்கள். அரசு அளவீட்டின்படி நகரத்தில் கேலனுக்கு 10 மைல், நெடுஞ்சாலையில் 14, சராசரி 12. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்தான். வருடம் 12,000 மைல் ஓட்டினால் ஆயிரம் கேலன் பெட்ரோல். கேலனுக்கு 20 மைல் கொடுக்கும் பிக்கப்புக்கு அதே தூரத்துக்கு 600 கேலன் போதும். வித்தியாசம் 400 கேலன். கேலன் 3 டாலர் என்று வைத்தாலும் வருடத்துக்கு 1,200 டாலர். ஐந்து வருடத்துக்கு 6,000. விற்கும்போது காப்பாற்றியதாக நினைக்கும் விலையில் ஒரு பங்கு பெட்ரோல் பங்கிலேயே எரிந்துவிடுகிறது.

'இதுதான் கடைசி வி8, இனி வராது' என்ற பேச்சுக்கும் கூடுதலாகப் பணம் கொடுக்கிறார்கள். 2014க்குப் பிறகு ராப்டரிலிருந்து வி8 போனது. ஆனால் 2023இல் 700 குதிரைத்திறன் கொண்ட வி8ஓடு ராப்டர் ஆர் வந்தது. ராம் 1500இலிருந்து 2025 மாடலில் நீக்கிய 5.7 லிட்டர் ஹெமி வி8 எஞ்சின், 2026 மாடலில் திரும்பி வந்தது. கடைசி என்று சொல்லி வாங்கியவர்களுக்கு அது நல்ல செய்தியாக இருந்திருக்காது.

எந்த மாநிலத்து வண்டி என்பதும் விலையில் பாதி. மிச்சிகன், ஒஹையோ போன்ற இடங்களில் பனிக்காலச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அது சேசிஸைத் தின்னும். ரீசேலுக்குப் பேர்போன டொயோட்டா டகோமாவே சேசிஸ் துருவால் வழக்கில் சிக்கி, 2016இல் டொயோட்டா சமரசத்துக்கு வந்து, பழுதான சேசிஸை முழுதாக மாற்றித்தர ஒப்புக்கொண்டது. அரிசோனா, டெக்சாஸ் வண்டிகளில் துரு குறைவு. ஆனால் பாலைவனம் பக்கத்தில் இருப்பதால் குதித்திருக்கும் வாய்ப்பு அதிகம். முதல் தலைமுறை ராப்டர்களில் சில, வேகமாகக் குதித்து இறங்கியதில் பின்பக்கம் சேசிஸே வளைந்தன. அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வண்டிக்குப் பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று, கேபினுக்கும் சுமைத்தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். மேலேயும் கீழேயும் ஒரே அளவாக இருந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுக்கலாம். விலை பேசுவது அதற்குப் பிறகு.