பாதி விலைக்குச் சீக்கு ஆமை: வாங்குவது இரக்கமா?

மும்பையில் வண்ண மீன் கடைகளுக்குப் பஞ்சம் இல்லை. மீன் வாங்கவேண்டும் என்றால் கிராபோர்டு மார்க்கெட் பக்கம்தான் போகவேண்டும் என்ற காலம் மலையேறி விட்டது. செம்பூர், சயான், முலுண்டு என்று தமிழர்கள் வசிக்கும் பகுதிகளில் ரெயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஒரு கடையாவது கண்ணில் படும். உள்ளே கண்ணாடித் தொட்டிகளில் மீன்கள். வாசலில், போகிறவர் வருகிறவர் கால் படும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் டப். அதில்தான் ஆமைக் குஞ்சுகள் கிடக்கும்.

ஒவ்வொன்றும் பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. பச்சை ஓடு. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. ஒன்றன் மேல் ஒன்று ஏறி, டப்பின் ஓரத்தைப் பிராண்டிக் கொண்டே இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அங்கே நிற்காமல் போவது இல்லை.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது நம் ஊர்ப் பழமொழி. இங்கே கதை வேறு. வீட்டில் ஆமை இருந்தால் பணம் சேரும், வியாபாரம் பெருகும் என்று சொல்லி வாங்கிப் போகிறவர்கள் ஏராளம். பக்கத்து வீட்டுக்காரர் வளர்க்கிறார் என்று நம்மவர்களும் வாங்க ஆரம்பித்து விட்டார்கள். பழமொழியும் பொய், பணம் வரும் என்பதும் பொய். ஆனால் டப்பில் கிடக்கும் ஆமைக்கு உயிர் இருக்கிறது என்பது மட்டும் மெய்.

அந்த உயிருக்குச் சீக்கு வந்து விட்டால்? இரக்கப்பட்டுக் காசு கொடுத்து வாங்கிக் காப்பாற்றுவதா? பார்க்காதது போல் போய் விடுவதா?

ஆச்சியின் எச்சரிக்கை

அன்டாப்ஹில்லில் வசிக்கும் நெல்லை மாவட்டக் குடும்பம் ஒன்றில் மழைக்காலத்தில் இந்தக் கேள்வி வந்தது. தகப்பனார் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். டியூஷன் போகிற வழியில் மீன் கடை. டப்பில் கிடந்த ஆமைகளில் ஒன்று கண்ணைத் திறக்கவே இல்லை. இமைகள் வீங்கி, கடலைப்பருப்பு ஒட்ட வைத்தது போல் இருந்தன. தீனி போட்டால் மற்றவை பாய்ந்து வரும். அது வராது. தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது.

"அப்பா, மத்ததெல்லாம் அது மேலே ஏறி மிதிக்குதுப்பா. நாம வாங்கிருவோம்ப்பா" என்று மூன்று நாட்கள் அழுதாள்.

"ஏட்டி, சீக்கான உருப்படியை யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களா?" என்று தகப்பனார் முதலில் சிரித்தார். ஆச்சியோ, "ஆமை இந்த வீட்டுக்குள்ள வந்தா, நான் மறுநாளே ஊருக்கு ரெயில் ஏறிருவேன்" என்று சொல்லி விட்டார்.

ஆனாலும் பிள்ளைக்காகக் கடையில் போய் விலை கேட்டார். நல்ல ஆமை முந்நூறு ரூபாய். சீக்கு ஆமை நூற்றைம்பது. "கண்ணில் சொட்டு மருந்து விட்டால் நாலே நாளில் சரியாகிவிடும்" என்றார் கடைக்காரர். நாலு நாளில் சரியாகும் சரக்கை அவர் ஏன் பாதி விலைக்குத் தள்ளுகிறார் என்று தகப்பனாருக்குத் தோன்றியது. நியாயமான சந்தேகம்தான்.

வீட்டில் வாக்குவாதம் நடந்தது.

"நாம வாங்கலேன்னா அது செத்துப் போயிரும்" என்றாள் மகள்.

"நாம வாங்கினா அந்தக் காசுல அவன் இன்னும் ரெண்டு கொண்டாந்து போடுவான். அதுலயும் ஒண்ணு சீக்காகும். அதையும் வாங்குவியா?" என்றார் தகப்பனார்.

இரண்டு பேர் சொன்னதும் சரி. கஷ்டமே அங்கேதான் இருக்கிறது. வாங்குகிறவர் மனதில் இரக்கம் இருக்கலாம். கடைக்காரரின் கல்லாவுக்கு அது தெரியாது. சீக்கு ஆமையும் விலை போகும் என்று தெரிந்து விட்டால், சீக்கு வராமல் பார்த்துக் கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

டாக்டர் போட்ட கணக்கு

தகப்பனார் விவரம் தெரிந்த கால்நடை டாக்டர் ஒருவரிடம் கேட்டார். அவர் சொன்ன விஷயங்கள் பலருக்கும் உபயோகமானவை.

ஆமை நோயை வெளியே காட்டாது. காட்டுகிற நேரத்தில் நோய் முற்றியிருக்கும். இமை வீக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் வைட்டமின் 'ஏ' குறைவு. காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்த்தால் இது வரும். கண் மூடிப்போனால் தீனி தெரியாது. தீனி தெரியாவிட்டால் பட்டினி. சொட்டு மருந்து அந்தக் குறையைத் தீர்க்காது. அதற்காக வைட்டமின் ஊசியை அளவு தெரியாமல் போட்டாலும் ஆபத்து. தோல் உரிந்து விடும். சாய்ந்து மிதப்பது நுரையீரலில் சளி கட்டியதற்கு அடையாளமாக இருக்கலாம். மூக்கில் நுரை வந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ சந்தேகமே வேண்டாம். ஓட்டை விரலால் அமுக்கினால் அமுங்குகிறதா? சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

ஆமை குளிர் ரத்தப் பிராணி. உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக் கொள்ளாது. தண்ணீர் குளிர்ந்து கிடந்தால் மருந்து கொடுத்தும் நோயை எதிர்க்கும் சக்தி வராது. தண்ணீரை விட்டு ஏறி உடம்பு காய ஒரு மேடு வேண்டும். நேர் வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் போதாது. ஓட்டுக்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்து விடும். ஒண்டுக் குடித்தன அறையில் அந்த வெயிலுக்கு எங்கே போவது? அதற்கென்று தனி விளக்கு உண்டு. அதன் விலை ஆமையின் விலையைப் போல் பல மடங்கு.

"பிழைத்தால் 30 வருஷம் இருக்கும். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். உங்கள் மகளுக்கு இப்போது 12 வயது. 42 வயது வரை வைத்துக் கொள்வாளா?" என்று டாக்டர் கேட்டாராம்.

இன்னொன்றும் சொன்னார். ஆமையின் உடம்பில் 'சால்மொனெல்லா' என்ற கிருமி இருக்கும். ஆமைக்கு ஒன்றும் செய்யாது. குழந்தைகளுக்கு வாந்தி, பேதி, காய்ச்சல் வரும். இதனால்தான் அமெரிக்காவில் 1975-ல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை விதித்தார்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சமையல் பாத்திரம் கழுவும் இடத்தில் ஆமைத் தொட்டியைக் கழுவக் கூடாது.

காசு கைமாறவில்லை

தகப்பனார் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். காசு கொடுப்பதில்லை, ஆனால் விட்டு விடுவதும் இல்லை. கடைக்காரரிடம் போய், "வைத்தியம் நான் பார்க்கிறேன். பைசா தர மாட்டேன். இஷ்டம் இருந்தால் கொடுங்கள்" என்றார். துன்பப்படும் பிராணியை விற்பனைக்கு வைப்பது 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மெதுவாகச் சொல்லி வைத்தார். முதல் நாள் கடைக்காரர் முறைத்தார். இரண்டாம் நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தார். செத்தால் தூக்கி எறிய வேண்டியது தானே என்ற கணக்காக இருக்கலாம்.

பரேலில் பிராணிகளுக்கான பழைய ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. பாய் சாக்கர்பாய் தின்ஷா பெட்டிட் ஆஸ்பத்திரி என்று பெயர். மும்பை கால்நடை மருத்துவக் கல்லூரியும் பரேலில்தான் 1886-ல் ஏற்பட்டது. ஆனால் நாய், மாடு பார்க்கும் எல்லா டாக்டர்களும் ஆமை பார்த்துப் பழகியவர்கள் அல்ல. பழகியவர் யார், எந்தக் கிழமை வருவார் என்று முதலிலேயே போனில் கேட்டுக் கொண்டு போவது நல்லது. டப்பில் தண்ணீரோடு தூக்கிக் கொண்டு லோக்கல் ரெயிலில் ஏற வேண்டாம். ஈரத் துணி விரித்த, காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டி போதும்.

ஊசி, மருந்து, தினமும் தண்ணீர் மாற்றுவது என்று ஒரு மாதம் ஓடியது. மூன்றாவது வாரத்தில் கண் திறந்தது. இப்போது தீனி எடுக்கிறது. லேசாகச் சாய்ந்துதான் நீந்துகிறது. அது முழுவதும் போகவில்லை. செலவு, புது ஆமை பத்து வாங்கும் அளவுக்கு ஆகிவிட்டது. ஆச்சி ரெயில் ஏறவில்லை. பால்கனியில் வெயில் வரும் நேரத்துக்குத் தொட்டியை நகர்த்துவது அவர் வேலையாகி விட்டது.

கடையில் டப்பும் இருக்கிறது. புதுக் குஞ்சுகளும் வந்து விட்டன. ஒரே ஒரு மாற்றம், ஏறி உட்கார ஒரு செங்கல் போட்டிருக்கிறார்கள். தகப்பனார் சொல்லிப் போட வைத்தது.

இந்தக் குடும்பத்துக்கு வெயில் படும் பால்கனி இருந்தது. செலவழிக்கக் கொஞ்சம் பணமும் இருந்தது. இரண்டும் இல்லாதவர்கள் ஆமையைத் தூக்கி வந்தால், சாகும் இடம் மாறுமே தவிர வேறு லாபம் இல்லை. அப்படிப்பட்டவர்கள் பிராணி நலச் சங்கத்துக்குத் தகவல் சொல்லி விட்டு ஒதுங்குவதில் தவறே இல்லை.

குளத்தில் விட்டால் புண்ணியமா?

வளர்க்க முடியாதவர்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கோயில் குளத்திலோ, ஏரியிலோ கொண்டு போய் விட்டு விடுகிறார்கள். கூர்மாவதாரம் அல்லவா, புண்ணியம் என்று நினைப்பு. இந்தச் சிவப்புக் காது ஆமை நம் நாட்டுப் பிராணியே அல்ல. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் பிறந்த இனம். நம் குளத்தில் விட்டால் மீன், தவளை, பாசி எல்லாவற்றையும் தின்று, வெயில் காயும் இடத்தையும் பிடித்துக் கொண்டு நாட்டு ஆமைகளை விரட்டி விடும். உலகத்தில் அதிகக் கெடுதல் செய்யும் 100 அன்னிய உயிரினங்கள் என்று வெளியான பட்டியலில் இதன் பெயர் இருக்கிறது. 2018-ல் அசாமில் தீப்போர் பீல் ஏரியில் கண்டார்கள். 2021-ல் கேரளத்தில் திருச்சூரில் ஒரு கால்வாயில் சிக்கியது. இவை நடந்து வந்தவை அல்ல. யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியில் இருந்து போனவை.

இங்கே அமீனாவும் வருவார்

மேலே சொன்னதெல்லாம் வெளிநாட்டு ஆமைக்கு. நாட்டு ஆமை என்றால் யோசிக்கவே இடம் இல்லை.

சில கடைகளில் டப்பில் இருக்காது. உள்ளே கூடையில் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். மேடு மேடாக உயர்ந்த கறுப்பு ஓடு, அதில் மஞ்சள் கதிர்கள், யானைக் கால் போன்ற கால். அதுதான் நட்சத்திர ஆமை. நம் தமிழ்நாட்டுப் புதர்க் காடுகளிலும் ஆந்திராவிலும் குஜராத் பக்கமும் வாழ்வது. அங்கிருந்து பொறுக்கி, சூட்கேசில் துணிகளுக்கு நடுவே அடுக்கி, ரெயிலில் கடத்திக் கொண்டு வருகிறார்கள். தண்ணீர் இல்லாமல், மூச்சு முட்டி, பாதி வழியிலேயே சீக்காகி விடுகிறது.

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-ல் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி நட்சத்திர ஆமை முதல் அட்டவணைக்கு வந்து விட்டது. 3 வருஷம் முதல் 7 வருஷம் வரை ஜெயில், குறைந்தது 25 ஆயிரம் ரூபாய் அபராதம். விற்றவருக்கு மட்டும் அல்ல, வாங்கி வைத்திருப்பவருக்கும்தான். "ஐயா, சீக்காக இருந்தது, இரக்கப்பட்டு வாங்கினேன்" என்று சொன்னால் கேஸ் இல்லாமல் போகாது. பழமொழியில் ஆமையும் அமீனாவும் தனித்தனியாக வருகிறார்கள். இங்கே சேர்ந்தே வருவார்கள்.

இன்னொரு ஆமையிலும் ஏமாறுவது உண்டு. முதுகு, வீட்டுக் கூரை முகடு போல் நடுவில் எழும்பி இருக்கும். கண்ணுக்குப் பின்னால் இதற்கும் செம்மஞ்சள் அடையாளம் உண்டு. கடைக்காரர் இதையும் வெளிநாட்டுச் சரக்கு என்பார். இது கங்கைச் சமவெளியின் கூரை ஆமை. இதுவும் முதல் அட்டவணைதான்.

இவற்றைக் கண்டால் காசை எடுக்காதீர்கள். மராட்டிய மாநில வனத்துறையின் உதவி எண் 1926. எந்த இடம், எந்தக் கடை, எத்தனை ஆமை, எங்கே வைத்திருக்கிறார்கள் என்ற விவரத்தைச் சொன்னால் போதும். கடைக்காரரிடம் நின்று சண்டை போட வேண்டாம். சண்டை போட்டால், அதிகாரிகள் வருவதற்குள் கூடை வேறு இடத்துக்குப் போய் விடும்.