கிளம்ப மறுக்கும் பழைய கார்

நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது திருக்குறள் காட்டும் நெறி. மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களுக்கும் அதுவே பொருந்தும் என்பது எம் கருத்து.

இயந்திரம் மந்தமாகச் சுழலின், பற்றரியையும் அதன் முனைகளிற் படிந்த களிம்பையும் முதற்கண் நோக்குக. நன்கு சுழன்றும் கிளம்பாவிடின், பிளக்கிற் பொறி தோன்றுகின்றதா எனக் காண்க. பொறி நலிந்திருப்பின் பொயின்றுகளைத் துப்புரவு செய்து இடைவெளியைச் சீராக்குக. பொறி நன்றாயின், பெற்றோல் காபரேற்றரை அடைகின்றதா என ஆராய்க.

அடைந்த எரிபொருள் ஆவியாதலும் வேண்டும். 1990களிற் பொருளாதாரத் தடையாற் பெற்றோல் அரிதாகியபோது, யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாமையால், சில துளி பெற்றோல் விட்டே அவற்றைக் கிளப்பினர். காரணம் அறிந்தமையாலன்றோ அவ்வண்டிகள் அன்று நம்மவர்க்கு உதவின!