பழைய கார்களில் முன் பிரேக் இறுக்கம்

முன் பிரேக் இறுக்கம் என்பது, பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்த பின்னரும் முன்சக்கரத்தின் பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும் பழுதாகும். பணிமனைகளில் இது 'பிரேக் ஜாம்' எனப்படுகிறது. மாருதி 800 போன்ற பழைய கார்களில் பேட் மாற்றுதல், காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்தல், பிரேக் ஆயில் மாற்றுதல் ஆகிய வேலைகளை வீட்டிலேயே செய்த பிறகு இப்பழுது தோன்றுவதுண்டு. காரணம் அறியாமல் உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக மாற்றினால் செலவுதான் மிஞ்சும். சக்கரத்தைப் பிடித்திருப்பது அடைபட்ட ஆயில் அழுத்தமா, சிக்கிக்கொண்ட பாகமா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

இயங்கும் முறை

மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம், பாஸ்கல் விதிப்படி, ஆயில் வழியே காலிப்பரின் பிஸ்டனைச் சென்றடைகிறது. பிஸ்டன் உட்புற பேடை டிஸ்க் மீது அழுத்துகிறது. அதன் எதிர்விசையால் காலிப்பர் தன் பின்கள் மீது நகர்ந்து, வெளிப்புற பேடையும் டிஸ்கோடு சேர்க்கிறது.

டிரம் பிரேக்கில் ஷூக்களைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங்குகள் உண்டு. டிஸ்க் பிரேக்கில் அந்த வேலையைப் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் செய்கிறது. அழுத்தத்தில் சற்று வளையும் சீல், அழுத்தம் நீங்கியதும் பழைய வடிவுக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரம் பின்னுக்கு இழுக்கிறது. ஆகவே பேட் டிஸ்கை இலேசாக உரசுவது இயல்பே. கையால் சுற்ற முடியாதபடி பிடிப்பதே பழுது.

அறிகுறிகளும் ஆபத்தும்

கார் ஒரு பக்கமாக இழுத்தல், மைலேஜ் குறைதல், ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சூடாதல், தீய்ந்த வாசனை ஆகியவை அறிகுறிகள். சூட்டை அறிய டிஸ்கைத் தொடக்கூடாது. சக்கரத்தின் அருகில் கையைக் கொண்டுசென்றாலே போதும்.

இப்பழுதின் பெரிய ஆபத்து, இறுகிய பிரேக் இறுதியில் பிடிக்காத பிரேக்காக மாறுவதாகும். டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய நிலையில் அதன் தர அளவு 140 டிகிரி மட்டுமே. ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ்கள் தோன்றும். ஆவி எளிதில் அமுங்குவதால் மிதி கீழ்வரை இறங்கும், பிரேக் பிடிக்காது. எனவே இந்நிலையில் காரை ஓட்டக்கூடாது.

கண்டறியும் முறை

சமதரையில் காரை நிறுத்தி, கைபிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கிய பின் உறுதியான ஸ்டாண்டு கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கல் அடுக்கியோ வேலை செய்யக்கூடாது.

1. பிரேக் இறுகியிருக்கும்போது, காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். ஆயில் பீறிட்டு டிஸ்க் விடுபட்டால், அழுத்தம் அடைபட்டுள்ளது. விடுபடாவிட்டால் பிஸ்டன், பின் அல்லது பேட் சிக்கியுள்ளது.

2. அழுத்தம் அடைபட்டது உறுதியானால், நிப்பிளை மூடி, மிதியை அழுத்தி மீண்டும் இறுகச் செய்ய வேண்டும். பிறகு ரப்பர் ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் இணைப்பைத் தளர்த்த வேண்டும். அப்போதும் விடுபடாவிட்டால் பழுது ஹோஸில் உள்ளது. அதன் உட்புறம் உப்பி ஆயிலைத் திரும்ப விடாமல் தடுக்கிறது. விடுபட்டால் காரணம் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் உள்ளது.

3. எல்லாச் சக்கரங்களும் இறுகினால், மிதி முழுமையாக மேலே திரும்புகிறதா என்றும், மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பிக்குச் சிறு இடைவெளி உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். இடைவெளி இல்லையெனில் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும். பிரேக் விளக்கு அணையாமல் எரிவதும் மிதி திரும்பாததற்கு ஓர் அடையாளம்.

நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விடுபடுவது சோதனையின் விடை மட்டுமே. அப்படியே மூடி ஓட்டினால் சில முறை மிதித்ததும் பிரேக் மீண்டும் இறுகும். இணைப்புகளைத் தளர்த்திய ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அவற்றை இறுக்கி, காற்று எடுக்க வேண்டும்.

வீட்டு வேலையில் நேரும் பிழைகள்

பின்களுக்குச் சாதாரண கிரீஸ் பூசுதல் அவற்றின் ரப்பர் உறைகளை உப்பச் செய்யும்; பிரேக்குக்கான சிலிகான் கிரீஸே ஏற்றது. மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றால் சீல்களைக் கழுவுவதும், தொட்டியில் என்ஜின் ஆயில் ஊற்றுவதும் அதைவிடக் கேடானவை. எண்ணெய் கலந்துவிட்டால் எல்லா ரப்பர் பாகங்களையும் மாற்ற நேரிடும்.

பேட் அமரும் இடத்தில் துரு இருந்தால் புதிய பேட் நகராமல் சிக்கும். காலிப்பரைத் திருப்பி மாட்டினால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும். துருப்பிடித்த பிஸ்டனை உள்ளே தள்ளினால் அந்தத் துரு சீலில் சிக்கும். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடுவதும் தவறு. கம்பியால் கட்டிவைக்க வேண்டும்.

சென்னையின் மேற்குப் புறநகரில்

இந்தியப் பிரேக் தொழிலில் இப்பகுதிக்கு முக்கிய இடம் உண்டு. டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூக்காஸ் நிறுவனமும் இணைந்து 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் பாடியில் உள்ளது. பிரேக் லைனிங் செய்யும் ரானே நிறுவனத்தின் ஆலை அம்பத்தூரில் அமைந்துள்ளது.

அதே வேளையில், மழைநீர் தேங்கும் பகுதிகளும் இங்கு உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையிலும் புறநகர்களிலும் ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின. நீரில் நின்ற காரிலும், மழைக்காலம் முழுவதும் ஓடாமல் நின்ற காரிலும் பிஸ்டனும் பின்களும் துருப்பிடிக்கும். அத்தகைய காரில் பேடை மட்டும் மாற்றாமல் காலிப்பரையும் பிரித்துப் பார்ப்பது நல்லது.

பழுது நீக்கிய பின்

பலமுறை மிதித்துவிட்டு இரு முன்சக்கரங்களையும் கையால் சுற்றி ஒப்பிட வேண்டும். பிறகு ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டி, இரண்டின் சூட்டையும் ஒப்பிட வேண்டும். வேறுபாடு தெரிந்தாலோ மிதி மெத்தென்று இறங்கினாலோ காரை வெளியே எடுக்காமல், மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைப்பது பாதுகாப்பானது.