பழைய மடிக்கணினியின் தொடுபலகை: பழுதைக் கண்டறிவதும் சரிசெய்வதும்

பல்கலைக்கழக விடுதிகளில் இன்று மடிக்கணினி இல்லாத அறையே இல்லை எனலாம். ஆனால், அவற்றுள் பல புதியவை அல்ல. அண்ணனோ அக்காளோ படித்து முடித்துத் தம்பி தங்கைகளிடம் கொடுத்தவை உண்டு. கல்விக் கடன் கைக்கு வந்ததும் பழைய கணினி விற்கும் கடையில் வாங்கியவையும் உண்டு. எட்டு, பத்து ஆண்டுகள் உழைத்த இக்கணினிகளில் அடிக்கடி தொல்லை தரும் உறுப்பு தொடுபலகை. பேச்சில் நாம் டச்பேட் என்று சொல்வதைத்தான் இங்குத் தொடுபலகை என்கிறேன். சுட்டுக்குறி தானாக ஓடும், சொடுக்கினால் கேட்காது, சில வேளைகளில் அடியோடு அசையாது. இதற்காகக் கணினியையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்குமுன் கீழே உள்ளவற்றைச் சோதித்துப் பாருங்கள்.

முதலில், இக்கருவி வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வோம். 1994-இல் ஆப்பிள் நிறுவனத்தின் பவர்புக் 500 வரிசையோடு பரவத் தொடங்கிய இப்பலகை, நம் விரலின் அழுத்தத்தைக் கொண்டு அசைவை அறிவதில்லை. மேற்பரப்பின் அடியில் மெல்லிய மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் அமைந்துள்ளன. மின்சாரத்தைக் கடத்தும் தன்மையுள்ள விரல் அருகில் வந்ததும், அவ்விடத்தில் மின்தேக்குத் திறன் சிறிது மாறுகிறது. ஒரு சிறிய சில்லு அம்மாற்றத்தை நொடிக்குப் பல முறை அளந்து, விரல் இருக்குமிடத்தைக் கணிக்கிறது. அதனால்தான் பேனா முனைக்கு அசையாத சுட்டுக்குறி, ஒரு துளி வியர்வைக்குத் துள்ளுகிறது. நாசி லெமாக் சாப்பிட்ட கையோடு தட்டச்சு செய்பவர்கள் முதலில் பலகையைச் சற்றே ஈரமான துணியால் துடைத்து, உலரவிட்டுப் பார்க்கலாம். இது வேடிக்கைக்காகச் சொல்வதன்று.

அடுத்து, குறை மென்பொருளிலா வன்பொருளிலா என்று பிரித்தறிய வேண்டும். விசைப்பலகையின் மேல்வரிசையில் தொடுபலகைப் படம் போட்ட விசை ஒன்று பல கணினிகளில் இருக்கும். அது தவறுதலாக அழுத்தப்பட்டிருந்தாலும் பலகை உறங்கிவிடும். வெளிச்சுட்டி ஒன்றைச் செருகி, விண்டோஸ் அமைப்புகளில் தொடுபலகை இயங்கு நிலையில் உள்ளதா என்று பாருங்கள். சுட்டி செருகியிருக்கும்போது தொடுபலகையை அணைத்துவிடும் அமைப்பும் அங்கேதான் உள்ளது. பிறகு, உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை யுஎஸ்பி விரலியில் ஏற்றி, நிறுவாமலேயே கணினியை அதிலிருந்து தொடக்குங்கள். அங்குப் பலகை ஒழுங்காக நடந்தால், விண்டோஸின் இயக்கி மென்பொருள்தான் குற்றவாளி. அதை நீக்கிவிட்டு, கணினி நிறுவனத்தின் பக்கத்திலிருந்து மீண்டும் நிறுவினால் போதும். அங்கும் அதே தொல்லை என்றால் பெரும்பாலும் வன்பொருள்தான். இந்த ஒரு சோதனைக்கு அரைமணி நேரம் போதும். கடைகளில் இதைச் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை.

சுட்டுக்குறி பைத்தியம் பிடித்ததுபோல் ஓடுகிறதா? மின்னூட்டியைக் கழற்றுங்கள். உடனே அமைதியானால் குறை கணினியில் இல்லை. நம் நாட்டுச் செருகியில் மூன்று முனைகள் உள்ளன. அவற்றுள் நீளமானது நிலத்தொடுப்புக்கு உரியது. மலிவாகக் கிடைக்கும் மின்னூட்டிகள் சிலவற்றில் அம்முனை வெறும் பிளாஸ்டிக். சிலவற்றில் இரண்டே முனைகள்தாம். நிலத்தொடுப்பு இல்லாதபோது மின்னூட்டியின் இரைச்சல் கணினியின் உடலில் தங்கி, தொடுபலகையின் நுண்ணிய அளவீட்டைக் குழப்புகிறது. உலோக உடலைத் தொட்டால் விரல் நுனியில் மெல்லிய அதிர்வு தெரிவதும் இதனால்தான். இருமுனைச் செருகியைப் பேனா மூடியால் குத்தித் திறந்து செருகும் விடுதிப் பழக்கத்தை இத்துடன் விட்டுவிடலாம்.

இனி முக்கியமான ஒன்று. விடுதித் தோழி ஒருவரின் கணினியில் சுட்டுக்குறி நன்றாக நகர்ந்தது. சொடுக்கு மட்டும் இறங்கவில்லை. இறுதியாண்டு ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரங்களே இருந்தன. கடையில் தாய்ப்பலகை போய்விட்டது என்று சொல்லி 600 ரிங்கிட் கேட்டிருக்கிறார்கள். தாய்ப்பலகை பழுதென்றால் சுட்டுக்குறி எப்படி நகரும்? கணினியை மூடி மேசைமேல் வைத்தோம். ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை எழுந்தது. அடிமூடியின் நடுப்பகுதி லேசாக வீங்கியிருந்தது. தொடுபலகைக்கு அடியில் இருந்த மின்கலம் உப்பி, பலகையைக் கீழிருந்து தள்ளிக்கொண்டிருந்தது! வேறொரு கடையில் மின்கலத்தை மட்டும் மாற்றியதும் சொடுக்குத் திரும்பிவிட்டது. செலவு 140 ரிங்கிட்.

பழைய லித்தியம் மின்கலத்தினுள் வேதிப்பொருள்கள் சிதைந்து வாயு உருவாவதால் இவ்வாறு உப்புகிறது. இதைக் கண்டால் உடனே கணினியை அணைத்து, மின்னேற்றுவதை நிறுத்துங்கள். அழுத்தித் தட்டையாக்க முயலக்கூடாது. குத்தினாலோ வளைத்தாலோ தீப்பற்றும். தொடுபலகை போனால் ஒரு சுட்டியை வாங்கிச் சமாளிக்கலாம். இதைச் சமாளிக்க முடியாது. தலையணைக்குப் பக்கத்தில் மின்னேற்றித் தூங்குபவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். கழற்றிய மின்கலத்தைக் குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் லித்தியம் மின்கலக் கழிவும் இடம்பெற்றுள்ளது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

மின்கலம் நலமாக இருந்து, பலகை மட்டும் விட்டுவிட்டு வேலை செய்தால் உள்ளே இருக்கும் தட்டை வடத்தைச் சந்தேகிக்கலாம். தொடுபலகையைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் காகிதம் போன்ற வடம் அது. கணினியை அணைத்து, மின்னூட்டியை அகற்றி, அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாக மின்கல இணைப்பைக் கழற்ற வேண்டும். திருகாணிகள் ஒரே நீளத்தில் இரா. எடுத்த இடத்தைத் தாளில் வரைந்து, அங்கங்கே ஒட்டி வையுங்கள். வடத்தின் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் தாழ் இருக்கும். அதை நகத்தால் மேலே தூக்கிய பிறகே வடத்தை உருவ வேண்டும். தாழைத் திறக்காமல் இழுத்தால் இணைப்பி உடைந்துவிடும். தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, உலர்ந்தபின் நேராகச் செருகித் தாழை மூடுங்கள். சில வேளைகளில் இவ்வளவே போதும்.

அப்போதும் அசையவில்லை என்றால் தொடுபலகையையே மாற்றலாம். வாங்குமுன் பழையதன் பின்புறம் அச்சிட்டுள்ள பாக எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்; ஒரே பெயருள்ள கணினியில்கூட ஆண்டுக்கு ஆண்டு வடத்தின் அகலம் மாறுவதுண்டு. சில கணினிகளில் பலகை விசைப்பலகைச் சட்டத்தோடு ஒட்டியே வரும். அத்தகைய கணினிக்கு 20, 30 ரிங்கிட்டில் ஒரு வெளிச்சுட்டி வாங்கிக்கொள்வதே அறிவுடைமை என்பது என் கருத்து.